இரண்டு நானோ விநாடி தப்பினால் நெட்வொர்க் இல்லை! தெரியுமா?

கையளவு கணினிப் பலகை. புத்தம் புது கேபிள். பச்சை விளக்கும் மினுக்குகிறது. ஆனால் திரையில் வருவதோ 'ஈதர்நெட் எதுவும் காணப்படவில்லை' என்ற ஒரே வரி! குற்றவாளி யார் தெரியுமா? லினக்ஸ் கண் விழிப்பதற்கு முன்பே ஓடி முடிந்துவிடும் பூட்லோடர் என்ற குட்டி நிரல்! அதில் ஒரு சொல் தவறினால் போதும், ஓர் எண் பிசகினால் போதும், கணினி ஊமையாகிவிடும். அந்தச் சில விநாடிகளுக்குள் ஒளிந்திருக்கும் வேடிக்கைகளைப் பார்ப்போமா? ஜொகூரிலிருந்தே புறப்படுவோம்!

செம்பனைத் தோட்டம் கணினித் தோட்டமானது தெரியுமா?

கூலாயில் இருந்த 'கூலாய் யங்' எஸ்டேட்டின் பரப்பு சுமார் 664 ஹெக்டேர்! அதை வைடிஎல் பவர் நிறுவனம் ஏறக்குறைய 429 மில்லியன் ரிங்கிட்டுக்கு வாங்கியது. செம்பனை நின்ற இடத்தில் எழுவது 500 மெகாவாட்டுக்குத் திட்டமிட்ட டேட்டா சென்டர் பூங்கா! 2023 டிசம்பரில் வைடிஎல்லும் என்விடியாவும் கைகோத்து அறிவித்த திட்டத்தின் மதிப்பு என்ன தெரியுமா? 20 பில்லியன் ரிங்கிட்! அந்த மாபெரும் சர்வர்கள் எழுந்து நிற்பதற்கும் நம் குட்டிப் பலகைக்கும் என்ன தொடர்பு? அடுத்த துணுக்கில் இருக்கிறது அதிசயம்!

சர்வருக்குள் ஒரு குட்டிக் கணினி!

டேட்டா சென்டர் சர்வர்களின் பலகையில் தனியாக ஒரு காவல் சிப் இருக்கும். சர்வர் அணைந்திருந்தாலும் இது தூங்காது! தொலைவிலிருந்து சர்வரை எழுப்புவது, வெப்பம் பார்ப்பது, காற்றாடியை வேகப்படுத்துவது எல்லாம் இதன் வேலை. இவ்வகைச் சிப்பில் உலகின் முன்னணி நிறுவனம் தைவானின் ஆஸ்பீட். அதன் ஏஎஸ்டி2500 சிப்பின் மூளை என்ன தெரியுமா? 800 மெகாஹெர்ட்ஸில் ஓடும் ஏஆர்எம்1176! 2012-ல் வந்த முதல் ராஸ்பெர்ரி பையிலும் இதே குடும்பத்து மூளைதான், வேகம் 700 மெகாஹெர்ட்ஸ்! விலையுயர்ந்த ராட்சதனைக் காவல் காப்பது ஒரு பொடியன்!

அந்தப் பொடியனை எழுப்புவது யார்?

ஓப்பன்பிஎம்சி என்ற திறந்த மென்பொருளில் இந்தக் காவல் சிப்பை எழுப்பும் பூட்லோடர் யூ-பூட்! ஒற்றைப்பலகைக் கணினிகள் பலவற்றில் ஓடும் அதே யூ-பூட்! வீட்டு ரவுட்டர்கள், கிண்டில் வாசிப்புக் கருவி என்று எங்கெங்கோ இருக்கிறது. ஜெர்மனியின் வோல்ஃப்காங் டெங்க் 2000-ல் 'பிபிசிபூட்' என்ற பெயரில் வெளியிட்டார். அப்போது பவர்பிசி சிப்புகளுக்கு மட்டும்தான். 2002-ல் மற்றச் சிப் குடும்பங்களும் சேர்ந்துகொள்ள, யூ-பூட் ஆனது. விலை? ஒரு காசு இல்லை!

கேபிளே இல்லாமல் ஈதர்நெட்டா?

ஆமாம்! காவல் சிப்புக்குத் தனிக் கேபிள் போட இடமில்லையென்றால், சர்வரின் நெட்வொர்க் அட்டையையே பங்கு போட்டுக்கொள்ளும். ஒரே கேபிள், இரண்டு கணினிகள்! இதற்கு என்சி-எஸ்ஐ என்ற தனி வழி இருக்கிறது. பூட்லோடரில் 'தனிக் கேபிள்' என்று தவறாக எழுதிவிட்டால்? சர்வர் ஜம்மென்று ஓடும், காவலாளியை மட்டும் கூப்பிட முடியாது! வரிசை வரிசையான ரேக்குகளுக்கு நடுவே ஆள் நடந்துபோய்த்தான் பார்க்க வேண்டும்!

மெமரி எழும் முன்பே நிரல் ஓடுகிறது, தெரியுமா?

மின்சாரம் வந்த நொடியில் பலகையின் பெரிய மெமரி வேலை செய்யாது! அதைத் தட்டி எழுப்பவே ஒரு நிரல் வேண்டும். அந்த நிரல் சிப்புக்குள் இருக்கும் குட்டி மெமரியில் அடங்க வேண்டும். ஆல்வின்னர் ஏ20 பலகைகளுக்கு யூ-பூட் முதல் கட்டத்தின் அளவு என்ன தெரியுமா? 24 கிலோபைட்டுக்குள்! கைப்பேசியில் எடுத்த ஒரு படம்கூட இதைவிட நூறு மடங்கு பெரிது! ராஸ்பெர்ரி பை 4 வரை நடந்த கூத்து இன்னும் வேடிக்கை: அங்கே முதலில் எழுவது முதன்மைச் செயலியே அல்ல, படம் காட்டும் கிராஃபிக்ஸ் பகுதி!

உயிரோடு இருக்கும், ஆனால் பதில் சொல்லாது!

யூ-பூட் கட்டளை வரியில் 'பிங்' அடித்துப் பாருங்கள். எதிர்முனைக் கணினி 'உயிரோடு இருக்கிறது' என்று சொல்லும். சரி, எதிர்முனையிலிருந்து இந்தப் பலகைக்குப் பிங் அடித்தால்? மௌனம்! பலகை செத்துவிட்டதா? இல்லவே இல்லை! யூ-பூட்டில் நெட்வொர்க் கட்டளை ஓடும்போது மட்டும்தான் ஈதர்நெட் விழித்திருக்கும். கட்டளை முடிந்ததும் காதை மூடிக்கொள்ளும்! இது தெரியாமல் கேபிளை மாற்றி மாற்றிப் பார்த்துக் களைத்தவர்கள் எத்தனை பேரோ!

உலகில் எத்தனை மேக் முகவரிகள் இருக்க முடியும்?

ஈதர்நெட் கருவிக்கு உரிய இந்த அடையாள எண்ணின் நீளம் 48 பிட்! அதாவது 281,474,976,710,656! 281 டிரில்லியனுக்கும் மேல்! ராஸ்பெர்ரி பையின் பழைய பலகைகளை எப்படி அடையாளம் காணலாம் தெரியுமா? முகவரி பி8-27-இபி என்று தொடங்கும்! ஆனால் சில மலிவுப் பலகைகளுக்கு ஆலையில் முகவரியே எழுதித் தருவதில்லை. அப்போது யூ-பூட் தானே ஒன்றைக் குலுக்கிப் போடும். விளைவு? ஒவ்வொரு முறை எழும்போதும் முகவரி மாறும், ரவுட்டரும் புதிய ஐபி எண் கொடுத்துக்கொண்டே இருக்கும்! ஆல்வின்னர் பலகைகளுக்கு யூ-பூட் கண்ட தந்திரம் என்ன? சிப்பின் பிறவி வரிசை எண்ணிலிருந்தே முகவரி செய்துவிடுவது! எத்தனை முறை அணைத்து எழுப்பினாலும் அதே முகவரி!

எஸ்டேட் பெரட்டு போல ஒரு கணக்கெடுப்பு!

ஈதர்நெட்டில் இரண்டு ஆட்கள். சிப்புக்குள் இருப்பது மேக். கேபிளுக்குப் பக்கத்தில் மின்துடிப்பைக் கையாள்வது ஃபை. இருவரும் பேச எம்டிஐஓ என்ற மெல்லிய தடம் இருக்கிறது. அதில் எத்தனை ஃபை உட்காரலாம்? 32! எண்கள் 0 முதல் 31 வரை. விடியற்காலைப் பெரட்டில் கங்காணி பெயர் கூப்பிடுவதுபோல யூ-பூட் ஒவ்வோர் எண்ணாகக் கூப்பிடும். 'எம்ஐஐ இன்ஃபோ' என்று தட்டினால் யார் யார் கை தூக்குகிறார்கள் என்று தெரிந்துவிடும்! ஃபை உட்கார்ந்திருப்பது 1-ல், பூட்லோடரில் எழுதியிருப்பது 0 என்றால்? நெட்வொர்க் அம்பேல்!

65535 வந்தால் என்ன அர்த்தம்?

ஃபை சிப்பின் 2, 3 ஆகிய பதிவகங்களில் அதைச் செய்த நிறுவனமும் மாதிரியும் எண்ணாகப் பதிந்திருக்கும். படித்துப் பார்க்கும்போது 65535 என்றே வந்தால்? அங்கே பேச ஆளே இல்லை! யாரும் பதில் சொல்லாத தடத்தில் எல்லாப் பிட்டும் 1 ஆகவே தெரியும். ஃபைக்கு மின்சாரம் போகவில்லை, அல்லது அதன் ரீசெட் கால் இன்னும் அமுங்கியே இருக்கிறது! பூட்லோடரில் ரீசெட் கால் எண்ணைச் சரியாக எழுதி, சில மில்லி விநாடி பொறுத்திருந்து கூப்பிட்டால் 'உள்ளேன்' என்று வந்துவிடும்! சில மில்லி விநாடி பொறுமைக்கு இவ்வளவு மதிப்பு!

எண்ணை மாற்றிக்கொள்ளும் ஃபை!

ஃபைக்கு எண் கொடுப்பது யார் தெரியுமா? பலகையில் ஒட்டிய பொடி ரெசிஸ்டர்கள்! ரீசெட் விடுபடும் அந்தக் கணத்தில் கால்களில் மின்னழுத்தம் உயர்ந்திருக்கிறதா, தாழ்ந்திருக்கிறதா என்று பார்த்து ஃபை தன் எண்ணை எடுத்துக்கொள்ளும். புகழ்பெற்ற பீகல்போன் பிளாக் பலகையில் நடந்தது என்ன? சில தடவை எழும்போது ஃபை 0-ல் இருக்காது, வேறோர் எண்ணில் உட்கார்ந்திருக்கும்! பல முறை ஒழுங்காக எழுந்த பலகை திடீரென ஒரு முறை நெட்வொர்க் இல்லாமல் நிற்கும்! மருந்து? குறிப்பிட்ட எண்ணை நம்பாமல் எல்லா எண்ணையும் தேடச் சொல்வது!

இரண்டு நானோ விநாடிக்கு 30 சென்டிமீட்டர் செம்பு!

இதுதான் உச்சம்! ஜிகாபிட் வேகத்தில் மேக்குக்கும் ஃபைக்கும் நடுவே கடிகாரம் விநாடிக்கு 125 மில்லியன் முறை துடிக்கும். ஒரு துடிப்பு வெறும் 8 நானோ விநாடி! அதன் ஏற்றத்தில் ஒரு தரவு, இறக்கத்தில் ஒரு தரவு. சரியான நடுவில் படிக்க வேண்டுமானால் கடிகாரம் 2 நானோ விநாடி பிந்தி வர வேண்டும். பலகையின் செம்புத் தடத்தில் மின்துடிப்பு ஒரு நானோ விநாடிக்குச் சுமார் 15 சென்டிமீட்டர் ஓடும். ஆக, 2 நானோ விநாடிக்கு 30 சென்டிமீட்டர் தடம் வேண்டும்! ராஸ்பெர்ரி பையின் நீளமே 8.5 சென்டிமீட்டர்தான்! தடத்தைப் பாம்பாய் நெளிக்க இடமில்லாத பலகைகளில், சிப்புக்குள்ளேயே அந்தத் தாமதத்தைச் செயற்கையாகப் போடுகிறார்கள்!

போடுவது யார்? அங்கேதான் வம்பு!

தாமதத்தை மேக் போடலாம், ஃபை போடலாம், பலகையின் தடமே போடலாம். யாரும் போடாவிட்டால்? நெட்வொர்க் இல்லை! இருவரும் போட்டுவிட்டால்? 4 நானோ விநாடி ஆகிவிடும், அப்போதும் நெட்வொர்க் இல்லை! இதைப் பூட்லோடருக்குச் சொல்ல நான்கே சொற்கள்: ஆர்ஜிஎம்ஐஐ, ஆர்ஜிஎம்ஐஐ-ஐடி, ஆர்ஜிஎம்ஐஐ-ஆர்எக்ஸ்ஐடி, ஆர்ஜிஎம்ஐஐ-டிஎக்ஸ்ஐடி. வால் வெறும் 'ஐடி' என்றால் வரும் வழி, போகும் வழி இரண்டிலும் ஃபையே தாமதம் போடும். வால் இல்லையென்றால் ஃபை கைவைக்காது. ஒரு குட்டி வாலில் தொங்குகிறது மொத்த நெட்வொர்க்கும்!

பழைய சுவிட்சில் ஓடும், புதியதில் ஓடாது!

நம்ப முடிகிறதா? 100 மெகாபிட் சுவிட்சில் செருகினால் பலகை ஜோராக ஓடும். விலை கூடிய ஜிகாபிட் சுவிட்சுக்கு மாற்றினால் படுத்துவிடும்! காரணம் எளிது: 100 மெகாபிட்டில் கடிகாரத்தின் ஒரு துடிப்பு 40 நானோ விநாடி. அங்கே 2 நானோ விநாடி பிசகு உறைக்காது! 8 நானோ விநாடித் துடிப்பில்தான் குட்டு வெளிப்படும். அனுபவசாலிகள் முதலில் செய்வது இதைத்தான்: வேகத்தை 100-க்குக் குறைத்துப் பார். ஓடினால், தாமத அமைப்பின் மேல் சந்தேகப்படு!

ஒரு பிழையைத் திருத்தினார்கள், பல பலகைகள் படுத்தன!

ஆண்டு 2020. ரியல்டெக் ஃபை சிப்புக்கான லினக்ஸ் டிரைவரில் தாமத அமைப்பு தவறாக இருந்தது. சரி செய்தார்கள். நல்ல காரியம்தானே? மறுநொடியே பைன்64 பிளஸ், பனானா பை வரிசை என்று பல ஆல்வின்னர் பலகைகளில் ஈதர்நெட் போய்விட்டது! ஏன் தெரியுமா? அவற்றின் அமைப்புக் கோப்பில் ஆரம்பத்திலிருந்தே 'ஐடி' வால் இல்லை! பழைய டிரைவர் அதைக் கண்டுகொள்ளாததால் இத்தனை நாள் ஓடியது. ஒரு பிழை இன்னொரு பிழையைக் காப்பாற்றி வந்திருக்கிறது! பிறகு கோப்பு கோப்பாக அந்த வாலை ஒட்டினார்கள். பலகைகள் எழுந்து உட்கார்ந்தன!

பனானா பையின் மந்திர எண் 3!

சில பலகைகளுக்குத் தாமதத்தை யூ-பூட்டே ஓர் எண்ணாக வைத்திருக்கிறது. பனானா பைக்கு 3, கியூபிடிரக்குக்கு 1, லமோபோ ஆர்1-க்கு 4! மூன்றிலும் இருப்பது ஒரே ஏ20 சிப். பிறகு ஏன் எண் மாறுகிறது? சிப் ஒன்றானாலும் தடத்தின் நீளமும் ஃபையும் பலகைக்குப் பலகை வேறு! பக்கத்துப் பலகையின் கோப்பை அப்படியே நகலெடுத்தால் நெட்வொர்க் பல்லிளிக்கும்!

ஒரே பெயர், இரண்டு பலகை! கண்டுபிடிப்பது யார்?

2022-ல் அறிமுகமான விஷன்ஃபைவ் 2 பலகையின் கதையைக் கேளுங்கள். 1.2ஏ பதிப்பில் ஒரு ஜிகாபிட் வாயில், ஒரு 100 மெகாபிட் வாயில். 1.3பி பதிப்பில் இரண்டுமே ஜிகாபிட்! மேலிருந்து பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். ஆனால் முதல் வாயிலில் வரும் வழிக்கும் போகும் வழிக்கும் தாமதம் ஒன்றில் 1900, 1350 பிக்கோ விநாடி. மற்றதில் 1500, 1500! ஒரு பிக்கோ விநாடி என்பது நானோ விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு! பலகையில் ஒட்டிய குட்டி நினைவுச் சிப்பில் பதிப்பு எண் இருக்கிறது. யூ-பூட் அதைப் படித்து, எந்தப் பலகை என்று தெரிந்துகொண்டு, அமைப்பை ஓடும்போதே திருத்திவிடுகிறது! ஆள் தேவையில்லை!

யூ-பூட்டைத் தொட்டால் ஓடும், தொடாவிட்டால் ஓடாது!

பேய் வேலை மாதிரி இருக்கும் இது! யூ-பூட்டில் ஒரு முறை பிங் அடித்துவிட்டு லினக்ஸை எழுப்பினால் நெட்வொர்க் இருக்கும். பிங் அடிக்காமல் எழுப்பினால் இருக்காது! எப்படி? யூ-பூட் போட்ட கடிகாரமும் தாமதமும் ஃபைக்குள் அப்படியே தங்கிவிடும். லினக்ஸின் அமைப்பில் ஓட்டை இருந்தாலும் யூ-பூட்டின் புண்ணியத்தில் வண்டி ஓடும்! ஆகவே சோதிக்கும்போது மின்சாரத்தை முழுதாகத் துண்டித்துவிட்டுத்தான் எழுப்ப வேண்டும். வெறும் ரீபூட் பொய் சொல்லும்!

ஒரு வரி விட்டுப்போனால்?

யூ-பூட்டைத் தொகுக்கும்போது ரியல்டெக் ஃபை டிரைவருக்கான ஒரு வரியைச் சேர்க்க மறந்தால் என்ன ஆகும்? பிழைச் செய்தி வரும் என்று நினைக்கிறீர்களா? வராது! எல்லா ஃபைக்கும் பொதுவான டிரைவர் சத்தமில்லாமல் வந்து உட்கார்ந்துகொள்ளும். இணைப்பு கிடைத்தது என்றும் சொல்லும். ஆனால் தாமதம் போட அதற்குத் தெரியாது! இணைப்பு உண்டு, தரவு இல்லை. எப்படி இருக்கிறது!

ராஸ்பெர்ரி பைக்கே வந்த சோதனை!

எல்லாக் குற்றமும் மென்பொருள் தலையில்தானா? 2012 மார்ச்சில் ராஸ்பெர்ரி பையின் முதல் தொகுதிப் பலகைகளில் தவறான ஈதர்நெட் ஜாக் பொருத்தப்பட்டுவிட்டது! உள்ளே காந்தச் சுருள் இருக்க வேண்டிய இடத்தில் சுருளே இல்லாத ஜாக்! வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. மாற்றிப் பொருத்த வேண்டியதாயிற்று, விநியோகமும் தள்ளிப்போனது. எந்தப் பூட்லோடர் அமைப்பும் அந்த ஜாக்கைச் சரி செய்திருக்க முடியாது!

ஜிகாபிட் என்று போட்டிருக்கும், 300-தான் வரும்!

ராஸ்பெர்ரி பை 3பி பிளஸில் ஜிகாபிட் ஈதர்நெட் உண்டு. ஆனால் உண்மையில் கிடைக்கும் வேகம்? சுமார் 300 மெகாபிட்! அந்த ஈதர்நெட் யூஎஸ்பி 2.0 வழியாகத் தொங்கிக்கொண்டிருந்ததே காரணம். பூட்லோடர் முதலில் யூஎஸ்பியை எழுப்பினால்தான் ஈதர்நெட் கண்ணுக்கே தெரியும்! 2019-ல் வந்த பை 4-ல்தான் ஈதர்நெட்டுக்குச் சொந்த வழி கிடைத்தது. 1973-ல் ராபர்ட் மெட்காஃப் ஜெராக்ஸ் ஆய்வகத்தில் தொடங்கிய ஈதர்நெட்டின் முதல் வேகம் என்ன தெரியுமா? வெறும் 2.94 மெகாபிட்!

நாற்பது வயதைத் தாண்டிய கோப்பு வண்டி!

பூட்லோடர் நெட்வொர்க் வழியாக லினக்ஸை இழுக்கப் பெரும்பாலும் பயன்படுத்துவது டிஎஃப்டிபி. 1980-களின் தொடக்கத்திலிருந்து ஓடும் கிழவர்! கடவுச்சொல் கிடையாது, வாயில் எண் 69, ஒரு தடவைக்கு 512 பைட். பொட்டல எண் 65535-ஐத் தாண்டாததால் பழைய முறையில் 32 மெகாபைட்டுக்கு மேல் கோப்பு போகாது! அதற்கு ஒரு வினோத நோயும் இருந்தது. ஒரே ஒரு பதில் தாமதித்தால் போதும், அதன்பின் எல்லாப் பொட்டலமும் இரண்டிரண்டாகப் போய்க்கொண்டே இருக்கும்! அந்த நோயின் பெயர் 'மந்திரவாதியின் சீடன்'!

ஒரே மூச்சில் 13 ஓட்டைகள்!

2019-ல் செம்மிள் நிறுவன ஆய்வாளர்கள் யூ-பூட்டின் நெட்வொர்க் பகுதியைத் துருவினார்கள். கிடைத்தவை எத்தனை? 13 பாதுகாப்பு ஓட்டைகள்! அதனால்தான் பொது இடத்தில் நிற்கும் கருவிகளில் தேவையற்ற நெட்வொர்க் கட்டளைகளைப் பூட்லோடரிலிருந்து நீக்கிவிடச் சொல்கிறார்கள். ஈதர்நெட்டைச் சரி செய்வது ஒரு கலை. வேலை முடிந்ததும் அதை அடைத்து வைப்பது இன்னொரு கலை!

வானத்தைப் பார்க்கும் தட்டிலும் அதே யூ-பூட்!

2023-ல் மலேசியாவுக்கு வந்த ஸ்டார்லிங்க் தெரியுமல்லவா? கூரையில் வைக்கும் அந்த ஆண்டெனாத் தட்டை எழுப்புவதிலும் யூ-பூட்டுக்குப் பங்கு உண்டு! கூலாய் சர்வரின் உறவினர் ஒருவர் கூரை மேல் உட்கார்ந்து செயற்கைக்கோளோடு பேசுகிறார்!

மூவார் மூடினால் கார் நிற்கும்!

தளவாடத் தொழிலுக்குப் பேர்போன மூவாரில் எஸ்டிமைக்ரோ நிறுவனத்தின் சிப் ஆலை 1974 முதல் இருக்கிறது! 2021-ல் கோவிட் காலத்தில் அங்கே வேலை தடைப்பட்டபோது உலகக் கார்த் தொழிற்சாலைகள் வரை சிப் தட்டுப்பாடு எட்டியது! அதே நிறுவனத்தின் எஸ்டிஎம்32எம்பி1 சிப் லினக்ஸ் ஓட்டும்போது எழுப்புவது யார்? நம் யூ-பூட்! யூ-பூட்டில் இந்தச் சிப்புக்கு ஓடும் ஈதர்நெட் டிரைவர் முதலில் என்விடியாவின் டெக்ரா சிப்புக்காக எழுதப்பட்டது என்பது கூடுதல் வேடிக்கை!

நீங்களும் திருத்தலாம், தெரியுமா?

2025 மார்ச்சில் மலேசியா ஆர்ம் நிறுவனத்தோடு 10 ஆண்டு ஒப்பந்தம் போட்டது. தொகை 250 மில்லியன் அமெரிக்க டாலர்! இலக்கு 10,000 பொறியாளர்களுக்குப் பயிற்சி! ஆனால் யூ-பூட்டில் கைவைக்க ஒப்பந்தம் எதுவும் வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒரு புதிய பதிப்பு வருகிறது. திருத்தத்தை மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும், கீழே சொந்தப் பெயரில் ஒரு வரி கையொப்பம் போட வேண்டும், அவ்வளவுதான்! விடுபட்ட 'ஐடி' வாலை ஒட்டும் ஒற்றை வரித் திருத்தத்தைக்கூடப் படித்துப் பார்த்துச் சேர்த்துக்கொள்கிறார்கள். ஸ்கூடாயில் படிக்கும் மாணவர் ஒருவர் இன்று அனுப்பும் ஒரு வரி, அடுத்த பதிப்பில் அவர் பெயரோடு உலகம் முழுவதும் போய்ச் சேரலாம்! நுழைவுக் கட்டணம் இல்லை, சான்றிதழும் கேட்பதில்லை!